துறைமுகத்தில் மறைந்த மாலுமியும் நம் பேரேடும்

 

நம் தொழில் கடலை நம்பிய தொழில். நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பலேறி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கரையிறங்கிய நம் முன்னோர், துணியும் வெங்காயமும் மசாலாச் சரக்கும் கொண்டுவந்து கடை வைத்தார்கள். அன்று தொங்கானில் ஏற்றி இறக்கிய சரக்கு இன்று இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு வருகிறது. சரக்கு வந்ததா, எடை சரியா, ஈரம் பட்டதா என்று பார்க்கிறோம். அதைச் சுமந்து வந்த கப்பலில் யார் இருந்தார், அவர் வீடு திரும்பினாரா என்று நாம் கேட்பது அரிது.

ஆகவே இந்தப் பாடத்தில், சரக்கு ஏற்றியதில் நேர்ந்த பிழையால் துறைமுகத்திலேயே மாண்ட ஒரு மாலுமியைப் பற்றிச் சிந்திப்போம். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் நடுக்கடலில் புயலில் சிக்கவில்லை. பத்திரமான துறைமுகம் என்று நம்பிக் கட்டிய கப்பலில், பட்டப் பகலில் மறைந்தார். அவரை நினைவுகூர்வது என்றால் என்ன, வணிகர்களாகிய நமக்கு அதில் என்ன கடமை என்பதே இன்றைய பாடம்.

பம்பாயில் நடந்தது

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இங்கிலாந்தின் பெர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து 'போர்ட் ஸ்டைகின்' என்ற கப்பல் புறப்பட்டது. அது 1942இல் கனடா தேசத்தில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. அதில் பீரங்கிக் குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள் என்று சுமார் 1,400 டன் வெடிமருந்துச் சரக்கு இருந்தது. ஆகாய விமானங்களும் இருந்தன. இவற்றோடு 31 மரப்பெட்டிகளில் 124 தங்கப் பாளங்கள் ஒரு தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன.

கப்பல் முதலில் கராச்சியில் நின்றது. அங்கே விமானங்களை இறக்கினார்கள். இறக்கிய இடம் காலியாயிற்று. யுத்த காலத்தில் கப்பலில் வெற்றிடம் விடுவது பெரும் நஷ்டம் என்று கருதப்பட்டது. ஆதலால் அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும், எண்ணெய்ப் பீப்பாய்களையும், மரத்தையும், கந்தகத்தையும், மீன் உரத்தையும், பழைய இரும்பையும் ஏற்றினார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பஞ்சும் எண்ணெயும் வைப்பது தகாது என்பது கப்பல் தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். கப்பல் தலைவர் அலெக்சாண்டர் நைஸ்மித் ஆட்சேபம் சொன்னார். யுத்த அவசரம் என்ற பதில் வந்தது. சரக்கு ஏறியது.

ஏப்ரல் 12ஆம் தேதி கப்பல் பம்பாய் வந்து விக்டோரியா டாக்கில் கட்டப்பட்டது. அபாயச் சரக்கு இருப்பதை மற்றவர்களுக்கு அறிவிக்கும் சிவப்புக் கொடியை அது ஏற்றியிருக்கவில்லை. பக்கத்துக் கப்பல்களில் இருந்தோருக்கும், கரையில் மூட்டை சுமந்தோருக்கும் அருகில் நிற்பது என்ன என்று அறிவிக்கும் அடையாளம் ஒன்றும் இல்லை. வெடிமருந்தை உடனே இறக்கவும் இல்லை. இரண்டு நாட்கள் சென்றன.

ஏப்ரல் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. பிற்பகல் சுமார் 2 மணிக்கு இரண்டாவது சரக்கறையிலிருந்து புகை வருவதைக் கண்டார்கள். அடியில் இருந்த பஞ்சில் நெருப்புப் பற்றியிருந்தது. அந்தப் பஞ்சுக்கு மேல் தட்டில் வெடிமருந்து இருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து தண்ணீரை இறைத்தார்கள். 900 டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர் கப்பலுக்குள் போயிற்று. ஆயினும் தீ எங்கே மூண்டிருக்கிறது என்று கண்டு அதன் அடியைத் தொட முடியவில்லை.

கப்பலை அங்கேயே மூழ்கடிக்க வேண்டும் என்றார் ஒருவர். வெளியே இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் வேறொருவர். இருந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றி அணைப்போம் என்றார் மற்றொருவர். எல்லோரும் தத்தம் துறையில் அதிகாரம் உள்ளவர்கள். எல்லோருக்கும் மேலாக நின்று ஒரு முடிவைச் சொல்லும் ஒருவர் இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படிக் கழிந்தது.

4 மணி 6 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் மீண்டும் ஒருமுறை, முன்னிலும் பலமாக வெடித்தது. வெகு தூரத்தில் உள்ள சிம்லாவில் நில அதிர்ச்சிக் கருவி அதைப் பதிவு செய்தது. பக்கத்தில் நின்ற 'ஜலபத்மா' என்ற நாலாயிரம் டன் கப்பலைத் தண்ணீர் தூக்கிக் கரையிலிருந்த கிட்டங்கியின் மேல் கிடத்தியது. எரிகின்ற பஞ்சும் காய்ந்த இரும்பும் நகரத்தின் மீது மழையாய் விழுந்தன. துறைமுகத்தை அடுத்த தானியக் கிட்டங்கிகள் எரிந்தன. வங்காளத்துப் பஞ்சத்தின் துயரம் தீராத அந்த நாட்களில், பல்லாயிரம் டன் தானியம் சாம்பலாயிற்று. சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள்.

அன்று அந்தத் துறைமுகத்தில் அழிந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் 'எல் ஹிந்த்'. சிந்தியா கம்பெனி ஹஜ் யாத்திரிகர்களுக்காக வைத்திருந்த கப்பல் அது; யுத்தத்தின்போது கடற்படை அதை எடுத்துக்கொண்டது. தல்பியா ஓதிக்கொண்டு ஹாஜிகள் பயணிப்பதற்கென்று வாங்கிய கப்பல், பிறர் செய்த பிழையின் நெருப்பில் எரிந்தது.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

சகோதரர்களே! இங்கே நாம் சற்று நிற்க வேண்டும்.

கப்பலில் இருந்த தங்கப் பாளங்கள் 124 என்று நமக்குத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் எடையும் கணக்கும் இருந்தது. வெடிப்பில் அவை சிதறின. ஒரு பாளம் ஒரு மைல் தூரத்துக்கு அப்பால் ஒரு பார்ஸி கனவானின் வீட்டுக்குள் போய் விழுந்தது; அவர் அதை நாணயமாய்த் திருப்பிக் கொடுத்தார். பெரும்பாலானவை பிற்பாடு கிடைத்தன. பல ஆண்டுகள் கழித்துத் துறைமுகத்தைத் தூர்வாரியபோதும் பாளங்கள் அகப்பட்டதுண்டு.

மாண்ட மனிதர் எத்தனை பேர்? 800 என்று சிலர் எழுதினார்கள். 1,300 என்று சிலர் எழுதினார்கள். தீயணைப்புப் படையில் 66 பேர் என்று தெரியும், ஏனெனில் படைக்குப் பட்டியல் இருந்தது. தினக்கூலிக்கு மூட்டை சுமந்தவருக்குப் பட்டியல் இல்லை. அன்று காலை எந்தக் கப்பலுக்கு எந்த ஆள் போனான் என்பதை எழுதிய சீட்டும் எழுதியவரோடு எரிந்துபோயிருக்கலாம். தங்கத்தின் கணக்கு தீர்க்கமாய் இருந்தது. மனிதரின் கணக்கில் ஐந்நூறு பேர் கூடக் குறைய நின்றுவிட்டது.

கணக்கு எழுதும் தொழிலில் உள்ள நமக்கு இது உறைக்க வேண்டும். ஐந்தொகையில் ஐந்து வெள்ளி குறைந்தால் இரவு முழுதும் உட்கார்ந்து தேடுகிறவர்கள் நாம். ஐந்நூறு உயிர் குறைகிற கணக்கை உலகம் அப்படியே மூடி வைத்தது.

செய்தியும் மூடி வைக்கப்பட்டது. மறுநாளே ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி இந்த விபத்தைச் சொல்லிற்று. ஆனால் இந்தியாவில் யுத்தத் தணிக்கை இருந்தபடியால், மே மாதம் இரண்டாவது வாரத்தில்தான் நிருபர்கள் விவரத்தை வெளியே அனுப்ப அனுமதி கிடைத்தது. கொங்கணத்திலோ சில்ஹட்டிலோ ஒரு வீட்டில் ஒரு தாய் அந்த நாட்களிலும் மகனுடைய கடிதத்துக்குக் காத்திருந்திருப்பாள்.

அந்தக் காலத்து இந்தியக் கப்பல்காரரில் பலர் நம் தீன் சகோதரர்கள். கப்பல் தளத்தில் வேலை செய்தவர்களில் ரத்னகிரிப் பக்கத்து முஸ்லிம்கள் மிகுதி. இயந்திர அறையின் வெக்கையில் கரி போட்டவர்களில் சில்ஹட்காரர் மிகுதி. குஜராத்தின் ஹிந்து மாலுமிகளும் கோவாவின் கிறிஸ்தவ ஊழியர்களும் அவர்களோடு ஒரே கப்பலில் இருந்தார்கள். எல்லோரையும் சேர்த்து 'லஸ்கர்' என்ற ஒரு பெயரால் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் வாங்கிய சம்பளத்தில் சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் யுத்தம் தொடங்கியபோது பிரிட்டிஷ் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு கேட்க வேண்டியிருந்தது.

நம் முன்னோருக்கும் இந்த வேதனை அந்நியமன்று. 1942 முதல் 1945 வரை மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் இருந்தன. ஊருக்கும் இங்குமிருந்த தபால் அறுந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் காட்டிலே மாண்டார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. பம்பாயின் மாலுமியைப் பற்றிப் பேசும்போது நாம் தூரத்து ஒருவரைப் பற்றிப் பேசுவதாக எண்ண வேண்டாம்.

குவியலின் அடியில் இருந்த ஈரம்

விபத்துக்குப் பின் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தீயின் மூலம் பஞ்சுப் பொதிகளாகவே இருக்க வேண்டும் என்று கண்டது. வெடிமருந்தின் கீழே பஞ்சை வைத்தது, சிவப்புக் கொடி ஏற்றாதது, வெடிமருந்தை இறக்கத் தாமதித்தது, சரக்கறைக்குள் நீராவி செலுத்தித் தீயை அடக்கும் சாதனத்தைப் பயன்படுத்தாதது, தீயணைப்புப் படைக்குச் சொல்லத் தாமதித்தது ஆகியவற்றைப் பிழைகள் என்று சொல்லிற்று.

எதிரியின் குண்டு விழவில்லை. சரக்கை வைத்த விதமே ஆட்களைக் கொன்றது.

இதைப் படிக்கும்போது வணிகர் யாவருக்கும் தெரிந்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழை பட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் வாங்குகிறவனுடைய நஷ்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஈர அரிசியை வாங்கியவனுக்குச் சில வெள்ளி நஷ்டம். அதே மறைப்பைக் கப்பலின் அடியில் கொண்டு வைத்துப் பாருங்கள். மேலே காட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றால், நஷ்டப்படுகிறவன் வாங்குகிறவன் மட்டும் அல்லன். அந்தக் கப்பலில் தூங்குகிற மாலுமி அதன்மேல் படுத்திருக்கிறான்.

இது பழைய காலத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2018 மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் புறப்பட்ட 'மேர்ஸ்க் ஹோனம்' என்ற பெரிய பெட்டிக் கப்பலில், அரபிக் கடலில் தீ மூண்டது. 27 பேரில் 5 பேர் மாண்டார்கள். கப்பலில் ஆட்கள் தங்கும் பகுதிக்கு முன்னாலிருந்த சரக்கறையில் அடுக்கிய ரசாயனத்தின்மேல் விசாரணையாளருக்குச் சந்தேகம் விழுந்தது. அதன்பின் அபாயச் சரக்கை ஆட்கள் தங்கும் இடத்துக்கு அருகில் வைப்பதில்லை என்று அந்தக் கம்பெனி தன் விதிகளைத் திருத்திற்று. 2021 மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற கப்பலில் ஒரு பெட்டியிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. முன்னரே இரண்டு துறைமுகங்கள் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ள இணங்கவில்லை. கொழும்புக்கு வெளியே கப்பல் எரிந்து மூழ்கிற்று. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை ஒரு கிட்டங்கியில் ஆறு ஆண்டுகள் கிடக்க விட்டார்கள். 2020 ஆகஸ்டு 4ஆம் தேதி அது வெடித்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இன்று அபாயச் சரக்குகளைக் கடலில் அனுப்புவதற்குச் சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. அது 1965இல் இயற்றப்பட்டு, 2004 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எது எதனோடு சேரலாகாது, எது எத்தனை தூரத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வகுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதிகள் முழுவதும் ஒரே ஒரு சொல்லின்மேல் நிற்கின்றன. பெட்டிக்குள் இருப்பது இன்னது என்று சரக்கை அனுப்புகிறவர் சொல்லும் சொல்லே அது. அந்தச் சொல் பொய்யானால், வகுத்த தூரமும் பொய், அடுக்கிய வரிசையும் பொய்.

வாசனைத் தைலம், பூச்சிமருந்து, பட்டாசு, மின்கலம், நீச்சல் குளத்து மருந்து ஆகியவை நம்மவர் கடைகளிலும் விற்கும் பொருள்கள்தாம். வேறு பெயர் போட்டால் கூலி குறையும், தாமதம் இல்லை என்று சரக்கு அனுப்பும் ஏஜெண்டு யாரேனும் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும்போது, குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த அந்த வியாபாரியை நினைத்துக்கொள்வோம்.

காணாமற்போனவருடைய ஹக்கு

இனி, மாலுமி மாண்ட பிறகு அவருக்குரிய ஹக்குகள் என்ன என்று பார்ப்போம்.

உடல் கிடைத்தால் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது பர்ளு கிபாயா. கிடைக்காவிடில்? ஷாபிஈ மத்ஹபில் காயிபு ஜனாஸா தொழலாம். அபிசீனியாவின் மன்னர் நஜாஷி காலமானபோது ரசூலுல்லாஹ் அவர்கள் மதீனாவில் தொழுததே அதற்கு ஆதாரம். ஹனபி மத்ஹபில் அது இல்லை. துஆவும் ஸதகாவும் உண்டு. இரு மத்ஹபினரும் உள்ள நம் ஜமாஅத்துகளில் இதைச் சர்ச்சையாக்காமல் அவரவர் வழியில் செய்வது அழகு. தண்ணீரில் மூழ்கி மாண்டவரும், இடிபாட்டில் சிக்கி மாண்டவரும், நெருப்பில் மாண்டவரும் ஷஹீதுடைய நன்மையைப் பெறுவார்கள் என்று ஹதீஸ்களில் வந்திருக்கிறது. அந்த ஒரு நாளில் அந்தத் துறைமுகத்தில் இந்த மூவகை மரணமும் இருந்தன.

அடுத்தது மனைவியின் நிலை. கணவர் மௌத்தானது சாட்சியோடு தெரிந்தால் இத்தா இருந்து அவள் தன் வழியைப் பார்க்கலாம். கப்பலில் இருந்தார், கப்பல் இல்லை, உடலும் இல்லை என்றால்? இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இன் 108ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிச் செய்தி இல்லையானால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரு பெண் ஏழு ஆண்டுகள் விதவையும் அல்ல, மனைவியும் அல்ல என்று இருப்பது எவ்வளவு கடினம்! மாலிகி மத்ஹபின் கருத்தை ஒட்டி, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக முறிவுச் சட்டம் நான்கு ஆண்டுகள் கணவரைப் பற்றிச் செய்தி இல்லாத பெண் நீதிமன்றத்தை அணுகலாம் என்று வழி செய்தது. உலமாக்களும் சட்டம் இயற்றியோரும் சேர்ந்து சுமை இறக்கிய இடம் இது. இங்கே ஊர்ப் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. அவர் அந்தக் கப்பலில்தான் இருந்தார் என்ற சாட்சியத்தைத் தேடிக் கொடுப்பதே அந்த உதவி. ஒரு சம்பளச் சீட்டு, ஒரு கடிதம், உடன் இருந்தவர் ஒருவரின் வாக்குமூலம் இருந்தால், ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகள் மீளும்.

மூன்றாவது சொத்து. மார்க்கம் வகுத்த வரிசை வணிகர் யாவரும் அறிந்திருக்க வேண்டியது. அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், அதன்பிறகே வாரிசு. ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். மாலுமி ஒருவர் பெயரில் 290 ரூபாய் இருந்தது. மனைவி, தாயார், ஒரு மகன் இருக்கிறார்கள். வஸிய்யத் இல்லை, உடல் கிடைக்காததால் அடக்கச் செலவும் இல்லை. கடைக்காரருக்கு 20 ரூபாய் பாக்கி. மனைவிக்குக் கொடுபடாத மஹர் 30 ரூபாய். மஹரும் கடனே, அதை மறந்துவிடுகிறவர்கள் பலர். இரண்டையும் கழித்தால் 240 ரூபாய் நிற்கும். மனைவிக்கு எட்டில் ஒன்று, 30 ரூபாய். தாயாருக்கு ஆறில் ஒன்று, 40 ரூபாய். மீதி 170 ரூபாய் மகனுக்கு. மஹரையும் பங்கையும் சேர்த்து மனைவி கைக்கு 60 ரூபாய் வர வேண்டும். மஹரைக் கணக்கில் எடுக்காமல் 270 ரூபாயைப் பங்கிட்டால் அவளுக்கு 34 ரூபாய்க்குக் குறைவாகவே கிடைக்கும். தொகை சிறிது என்று நினைக்கக் கூடாது. அவர் விட்டுப்போனது அவ்வளவுதான்.

இந்த 290 ரூபாய் யார் கையில் இருக்கிறது? கப்பல் கம்பெனியின் கையில் இருக்கலாம். ஊரில் ஒரு கடைக்காரர் கையில் அமானத்தாக இருக்கலாம். நம் கடைகளில் சிப்பந்திகள் சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைத்து, ஊருக்குப் போகும்போது மொத்தமாய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அப்படி விட்டுவைத்தவர் திரும்பி வராமற்போனால், பேரேட்டில் அந்தப் பக்கம் அடைபடாமல் நிற்கும். அமானத்துக்கு ஆண்டுகள் போனாலும் தள்ளுபடி இல்லை. கடனாளியாய் மௌத்தான ஒருவருக்குத் தொழுவிக்க ரசூலுல்லாஹ் தயங்கியபோது, அபூ கதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அந்த இரண்டு தீனார் என் பொறுப்பு என்று முன்வந்தார்கள். இரண்டு தீனாருக்கே அத்தனை கனம் இருந்தது.

பெயர் எழுதிய புத்தகம்

உடல் இல்லாத மாலுமிக்குக் கபுறு இல்லை. ஆயினும் பெயரைக் காக்க ஓர் இடம் உண்டு. பம்பாயில் மஸ்ஜித் பந்தருக்கு அருகே இந்திய மாலுமிகள் இல்லம் என்ற கட்டடம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் கடலில் மாண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவரின் பெயர்கள் அங்கே வெண்கலத் தகடுகளில் இருக்கின்றன. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் மாண்டு, கடலைத் தவிர வேறு கபுறு இல்லாத இந்தியக் கடற்படையினர் 400க்கு மேற்பட்டவர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தின் மறுபிரதி சிட்டகாங்கின் யுத்தக் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது. தேசம் பிரிந்தாலும் அந்தப் பெயர்கள் இரண்டு துறைமுகங்களிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீயணைப்புச் சேவை வாரமாக அனுசரிக்கப்படுகிறது. பம்பாயில் மாண்ட அந்த 66 பேரே அதற்குக் காரணம். அந்த வாரத்தில் கூட்டம் கூடி மாலை போடுவதோடு நிற்பதில்லை. தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் தீயை அணைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாண்டவரை நினைவுகூரும் முறைகளில் இது சிறந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் எதனால் மாண்டாரோ அதனால் இன்னொருவர் மாளாதபடி பார்ப்பது அவருக்குச் செய்யும் ஸதகா.

நாம் செய்யக்கூடியவை

இந்தப் பாடத்தைப் படித்து முடித்தபின் நான்கு காரியங்களை மேற்கொள்வோம்.

முதலாவது, நாம் அனுப்பும் சரக்குக்கு உள்ளே இருப்பதையே எழுதுவோம். சந்தேகம் இருந்தால் அனுப்புமுன் கேட்போம். ஏஜெண்டு எழுதியதில் நாம் கையொப்பம் இடுகிறோம் என்றால், அது நம் வாக்கு.

இரண்டாவது, கிட்டங்கியைச் சுற்றிப் பார்ப்போம். எண்ணெயின் பக்கத்தில் தீப்பெட்டியும், துணியின் பக்கத்தில் ரசாயனமும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். தீப் பிடித்தால் யார் சொல்லை எல்லோரும் கேட்பது என்பதை இன்றே முடிவு செய்து, ஒருவரை நியமிப்போம். பம்பாயில் அந்த ஒருவர் இல்லாமற்போனதை மறவோம்.

மூன்றாவது, நம்மிடம் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், வாரிசு, நம்மிடம் உள்ள அவர் பணம் ஆகியவற்றை எழுதி, அதன் பிரதியை வேறோர் இடத்தில் வைப்போம். கடனை எழுதிக்கொள்ளும்படி குர்ஆன் கட்டளையிட்டிருக்க, ஆளை எழுதாமல் விடலாமா? பெயரை அவர் சொல்கிறபடியே எழுதுவோம். நம் வசதிக்குச் சுருக்கி எழுதினால், நாளை அவர் பிள்ளைக்கு அது சாட்சியாக நில்லாது.

நான்காவது, பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்போம். தகப்பனார் காலத்து, பாட்டனார் காலத்துக் கணக்கில் யாருடைய பாக்கியேனும் அடைபடாமல் இருந்தால், வாரிசைத் தேடுவோம். நம் சங்கத்தில் ஊர்த் தொடர்பு உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் விசாரித்துத் தருவார்கள். தேடியும் கிடைக்காவிடில் ஆலிம்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்வோம்.

ஏப்ரல் 14ஆம் தேதி வரும்போது, மஃரிபுக்குப் பின் யாசீன் ஓதி, கடலில் மறைந்த நம் சகோதரர்களுக்காக துஆச் செய்வோம். வேறு சமயத்தவராய் அவர்களோடு ஒரே கப்பலில் மாண்டவர்களின் குடும்பங்களையும் மரியாதையோடு நினைப்போம். மறுநாள் காலை கடையைத் திறந்ததும், முதலில் எடுக்கிற சீட்டைச் சரியாக எழுதுவோம்.

எல்லாம் வல்ல அல்லாஹுத் தஆலா நம் சொல்லிலும் அளவையிலும் நாணயத்தைத் தருவானாக! கடலில் இருக்கும் யாவரையும் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.